சோமெல் கொடுத்த விலை

'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படத்தை இனி யாரும் பார்க்க முடியாது. அதன் பிரதி எதுவும் எஞ்சியதாகத் தெரியவில்லை. கதைச் சுருக்கமும், அந்தக் கால விளம்பரங்களும், சில புகைப்படங்களும், பார்த்தவர்கள் சொன்னதும்தான் மிச்சம். ஆகவே கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பேச வந்தது முழுவதும் அந்தக் கதையின் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றித்தான்.

யாரோ விட்டுப்போன ஒரு பெண் குழந்தையைக் கிழவர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். பெயர் சோமெல். வளர்ந்தவளுக்குக் கூன் முதுகு, விகாரமான முகம். கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, சனம் அவளைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறது. கிழவர் சாகும் தறுவாயில், தன் பொருள்களையெல்லாம் எரித்துவிடு என்கிறார். எரிக்கப் போனவள் கண்ணில் ஒரு மந்திர ஏடு படுகிறது. அழகு பெறும் வழி அதில் எழுதியிருக்கிறது. அவள் எரிக்கவில்லை. நிலா வெளிச்சத்தில் மருந்தைக் கூட்டிக் குடித்து, பார்ப்பவர் திகைக்கும் அழகியாக எழுகிறாள். நிபந்தனை ஒன்றே ஒன்று: இரத்தம் அவள் நாவில் படக் கூடாது. ஒத்மானை மணக்கிறாள். மரியா என்று ஒரு மகள் பிறக்கிறாள். ஒருநாள் ஒத்மானைப் பாம்பு கடித்துவிடுகிறது. விஷத்தை உறிஞ்சி எடு என்று மனைவியிடம் மன்றாடுகிறான். உறிஞ்சினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து உறிஞ்சுகிறாள். இரத்தம் நாவில் பட்டதும் பொந்தியானாக் என்ற பேயாக மாறிவிடுகிறாள்.

1957 ஏப்ரல் 27ஆம் தேதி சிங்கப்பூரில் இந்தப் படம் வெளியானது. ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போன கேத்தே திரையரங்கில் மலாய்ப் பேய்ப்படம் ஒன்று மாதக்கணக்கில் ஓடியது. சீனர்களும் தமிழர்களும் வரிசையில் நின்றார்கள். சீன மொழியில் குரல் மாற்றி ஹாங்காங் வரை கொண்டுபோனார்கள். சோமெலாக நடித்தவர் மரியா மெனாடோ. சுலாவெசித் தீவின் மெனாடோ பக்கத்திலிருந்து வந்தவர், 1951இல் எல். கிருஷ்ணன் இயக்கிய 'பெங்ஹிடுப்பான்' படத்தில் அறிமுகமானவர். மலாயாவின் பேரழகி என்று பத்திரிகைகள் கொண்டாடிய பெண்ணைக் கூனியாக்கிக் காட்டியதே அன்று பெரிய செய்தி. கதையை எழுதியவர் அவருடைய அன்றைய கணவர் அப்துல் ரசாக். படத்தில் சத்தே விற்பவராக வந்து பாடிய நடிகர் வாஹித், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க வாஹித் சத்தே என்றே அழைக்கப்பட்டார். சின்ன வேடம்தான், ஆனால் ஊர் அந்த அளவுக்கு அந்தப் படத்தில் ஊறிக் கிடந்தது.

படத்துக்கு முன்பும் இந்தப் பேய் இருந்தது. மலாய் மந்திர வழக்கங்களைத் தொகுத்து வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட நூல் ஒன்றுண்டு. காலனி ஆட்சியில் வேலை பார்த்த ஆங்கிலேயர். ஆள்வோரின் பார்வை அந்த நூலில் இருக்கிறது, ஆனாலும் கம்பத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தகவல் அதில் நிறைய. பிள்ளை பெற்றுச் செத்தவள் லங்சுயிர் என்ற பேயாவாள்; செத்துப் பிறந்த அவள் பிள்ளைதான் பொந்தியானாக் என்கிறது அந்த நூல். இன்று நாம் பொந்தியானாக் என்று சொல்வது அந்தத் தாய்ப்பேயைத்தான். அப்படி ஆகாமல் தடுக்க, இறந்தவளின் வாயில் கண்ணாடி மணிகளைப் போடுவார்கள். இரண்டு அக்குளிலும் கோழிமுட்டை வைப்பார்கள். உள்ளங்கையில் ஊசி வைப்பார்கள். வாயில் மணி இருந்தால் அலற முடியாது. முட்டை விழுந்துவிடுமே என்று கையை வீசிப் பறக்க மாட்டாள். இவ்வளவும் ஒரு பெண் பிரசவத்தில் செத்துப்போன வீட்டில், அவளைப் பெற்றவளும் உடன்பிறந்தவளும் கண்ணீரோடு செய்த காரியம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே நூலில் இன்னொரு குறிப்பு இருக்கிறது. லங்சுயிரைப் பிடித்து, நகத்தை வெட்டி, நீண்ட கூந்தலை நறுக்கி, பிடரியில் உள்ள துளையில் திணித்துவிட்டால் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள். கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்று வாழ்ந்தவர்களும் உண்டாம். ஊர்த் திருவிழாவில் அவளை ஆடவிட்டால் மட்டும் பழைய உருவம் திரும்பிவிடும், காட்டுக்குள் பறந்துபோவாள்.

இதைப் படித்தபோதுதான் 1957ஆம் ஆண்டுப் படம் செய்த மாற்றம் எனக்குப் புரிந்தது. பேயாக இருந்தவள் மனுஷியாகிறாள், மணக்கிறாள், பெறுகிறாள், ஒரு தடையை மீறித் திரும்பப் பேயாகிறாள் என்ற எலும்புக்கூடு பழையது. பழைய கதையில் அவளைக் கெடுப்பது ஆட்டம், அவளுடைய சந்தோஷம். படத்தில் அவளைக் கெடுப்பது புருஷனைக் காப்பாற்றியது. பிடரியில் ஆணி, வாழைமரம், செம்பகப்பூ வாசனை என்று பேய்ப்படத்தின் சாமான்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், மலாய்த் திரையில் அன்று நடந்த பெரிய காரியம் இந்த ஓர் இடமாற்றம். ஆசைக்குத் தண்டனை என்றுதான் கதை தொடங்குகிறது. எரிக்கச் சொன்னதை எரிக்காதவள், அழகுக்கு ஆசைப்பட்டவள். ஆனால் தண்டனை வந்து சேரும் நேரத்தில் அவளிடம் ஆசை எதுவும் இல்லை.

இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு இயக்குநர் பி. என். ராவின் நினைவுதான் வருகிறது. கோழிக்கோட்டுக்காரர். பழைய தமிழ்ப் படங்களை அறிந்தவர்களுக்கு அவர் புதியவரல்ல. 1939இல் 'ரம்பையின் காதல்', 1941இல் 'மதனகாமராஜன்', 1944இல் ஜெமினிக்காக 'தாசி அபரஞ்சி' எல்லாம் அவர் இயக்கியவை. சாபத்தால் சிலையாகும் தேவலோகப் பெண், கதைக்குள் கதையாக விரியும் மாயம், விக்கிரமாதித்தன் காலத்துக் கணிகை. வரமும் சாபமும் அவற்றுக்கான கட்டளையும் அவர் கைக்குப் பழகிய சரக்கு. கணவன் உயிருக்காக எமனையும் எதிர்த்து நிற்கும் பத்தினி, அன்றைய இந்தியத் திரையில் ஓயாமல் வந்துகொண்டிருந்தவள். அந்தப் பத்தினியை அவர் கம்பத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கே அவளுக்கு எமன் இரங்கவில்லை.

இந்தியாவிலிருந்து இயக்குநர்கள் மலாய்ப் படம் எடுக்க வந்ததற்குக் காரணம் உண்டு. மலாய்ப் படத் தொழிலே இந்தியக் கையால் தொடங்கியது. 1933இல் வந்த முதல் மலாய்ப் படம் 'லைலா மஜ்னூன்' பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கியது, பம்பாய்ப் பணத்தில் எடுத்தது. அதில் நடித்தவர்கள் பங்சாவான் மேடைக்காரர்கள். பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பழகித்தான் அந்த மேடையே 1880களில் உருவானது. போருக்குப் பின் ஷா சகோதரர்கள் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாசில் ஸ்டூடியோ நடத்தியபோது ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், பணி மஜும்தார் என்று வரிசையாக வந்தார்கள். சென்னையில் பிறந்து சிறு வயதிலேயே மலாயாவுக்கு வந்த எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' எடுத்தார், நடிகர் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நின்றது அதில்தான். வெளியிலிருந்து வந்த பலருக்கு மலாய் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார்கள், உள்ளூர் உதவியாளர் மலாயில் பெயர்ப்பார். ராவ் முதலில் ஷாவுக்கு 'ஹூஜான் பானாஸ்' போன்ற படங்களை எடுத்துவிட்டு, பிறகு ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டிலிருந்த கேத்தே-கெரிஸுக்கு மாறினார். லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் 1953இல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. மலாய்ப் பேய், மலாய்க்காரர் எழுதிய கதை, சீனர் முதலீடு, கேரளத்து இயக்குநர், சுலாவெசி நடிகை. யாருடைய படம் என்று பங்கு பிரிக்கவே முடியாது. பிரிக்க வேண்டியதும் இல்லை.

என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்தவள். ஜொகூரில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பால்வெட்டினாள். மலாயாவில் அவசரகாலச் சட்டம் முடியாத நாள். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி இருந்தது. டவுன் கொட்டகையில் படம் வந்தபோது தோட்டத்து லோரியில் பெண்களும் பிள்ளைகளும் நின்றுகொண்டே போனார்களாம். பசார் மலாய் எல்லாருக்கும் தெரியும், கதை விளங்கியது. பேய்ப்படம் என்று நான் சொன்னபோதெல்லாம் அம்மா கோபப்படுவாள்.

"அவ பேயி இல்லடி. புருசன் உசுருக்காவத் தன்னையே தோத்தவ. அவன் கேக்காம இருந்திருக்கலாம்ல?"

கடைசி வாக்கியம் முக்கியமானது. நிபந்தனையை மீறியது யார் தப்பு என்ற கேள்வியில், எழுதியவர்கள் எல்லாரும் சோமெலின் பக்கமே பார்த்தார்கள். அம்மா ஒத்மானைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்து கெஞ்சும் புருஷனிடம் முடியாது என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வழி இருந்தது? லயத்தில் குடியிருந்தவளுக்கு அது தெரியும். உடம்பு முடியாத நாளிலும் விடியற்காலை நிரைக்குப் போனவர்கள், பிள்ளைக்கு என்று தன் சோற்றைத் தள்ளிவைத்தவர்கள், அந்தக் கொட்டகை இருட்டில் சோமெலைப் பார்த்து அழுதார்கள் என்றால் எனக்கு வியப்பில்லை. "உறிஞ்சாத, உறிஞ்சாத"ன்னு கத்துனோம் என்பாள் அம்மா.

பிரசவத்துக்குப் பயந்த பெண்கள் அவர்கள். அம்மாவின் தலையணைக்கு அடியில் பழைய பால்வெட்டுக் கத்தி ஒன்று இருந்தது. என் தம்பி பிறந்த பிறகு நெடுநாள் அது அங்கேயே கிடந்தது. இரும்பு இருந்தால் எதுவும் அண்டாது என்பது ஊரிலிருந்து கூடவே வந்த நம்பிக்கை. தமிழ்நாட்டில் வயிற்றுச் சுமையோடு செத்தவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். வழிப்போக்கர் அதன்மேல் பாரத்தை இறக்கி வைத்தால் அவள் பாரம் இறங்கும் என்பது கணக்கு. மலாய்ப் பெண்கள் பிணத்தின் அக்குளில் முட்டை வைத்தார்கள், தமிழ்ப் பெண்கள் சாலையோரத்தில் கல் வைத்தார்கள். பெற்றுச் செத்தவள் திரும்பி வருவாள் என்ற அச்சம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றாக இருந்ததால்தான் பொந்தியானாக்கைத் தோட்டத்துத் தமிழச்சிகள் அந்நியப் பேயாக நினைக்கவில்லை.

சோமெலை வைத்து நான் சொல்வதற்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. அடுத்த ஆண்டு, 1958இல், போட்டி நிறுவனமான ஷாவுக்காக பி. ரம்லி 'சும்பா ஓராங் மிஞாக்' எடுத்தார்; தானே நடித்தார். அதிலும் கூன், அதிலும் அழகுக்கான ஆசை. ஊரார் கேலி செய்யும் கூனன் ஒருவன், பாத்திக் துணியில் சித்திரம் தீட்டுபவன், மாய உலகத்தின் அருளால் அழகனாகிறான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் அதை இழக்கிறான். பிறகு சாத்தானோடு உடன்படிக்கை செய்து, பெண்களை வேட்டையாடும் எண்ணெய் மனிதனாகிறான்.  ரம்லியின் படம் நல்ல படம். அந்தக் கூனனின் அவமானத்தை அவர் முகத்தில் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண் ஆசைப்பட்டான், அவன் அகந்தை வாக்கைக் கெடுத்தது, விலையைக் கொடுத்தவர்கள் ஊர்ப் பெண்கள். பெண் ஆசைப்பட்டாள், அவள் அன்பு வாக்கைக் கெடுத்தது, விலையையும் அவளே கொடுத்தாள். ஓராண்டு இடைவெளியில், ஒரே தீவில், ஒரே கூனை வைத்து எடுத்த இரண்டு படங்கள் இவை.

வரத்துக்கு விலை உண்டு என்ற வகைக் கதைக்கு உலகம் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய குரங்குப் பாதக் கதையை. மூன்று வரம், முதலில் இருநூறு பவுன் கேட்கிறார்கள், மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கிச் செத்ததற்கு ஈடாக அதே இருநூறு பவுன் வந்து சேர்கிறது. நேர்த்தியான கதை. பாதத்தில் மந்திரம் ஏற்றியவர் இந்தியப் பக்கிரி, அதைக் கொண்டுவந்தவர் அங்கிருந்து திரும்பிய சிப்பாய். கேடு வெளியிலிருந்து ஒரு பொட்டலமாக வீட்டுக்குள் வருகிறது. சோமெலின் ஏடு அவளை வளர்த்தவரின் வீட்டிலேயே இருந்தது. யாரையும் கைகாட்ட முடியாது. அதனால்தான் அது இன்னும் உள்ளே இறங்குகிறது என்று நினைக்கிறேன்.

படம் வந்த நேரம் சாதாரண நேரமல்ல. அதே 1957 மார்ச்சில் ஷா ஸ்டூடியோவில் நடிகர் சங்கத்தைச் சேர்ந்த ஊழியர்கள் ஐவரை வேலைநீக்கம் செய்ததால் வேலைநிறுத்தம் வெடித்திருந்தது. சங்கத் தலைவர் பி. ரம்லி. ஆகஸ்டு 31ஆம் தேதி மலாயா விடுதலை அடைந்தது. புது நாட்டுக்குப் பேய்ப்படம் எதற்கு, மூடநம்பிக்கை எதற்கு என்று படித்த மலாய்க்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சனம் கேட்கவில்லை. அதே ஆண்டிலேயே 'டெண்டாம் பொந்தியானாக்' வந்தது, 1958இல் 'சும்பா பொந்தியானாக்' வந்தது. ஷாவும் விடாமல் 'அனாக் பொந்தியானாக்' எடுத்தது. 1963இலும் 64இலும் இன்னும் இரண்டு. மரியா மெனாடோ 1963இல் பகாங் சுல்தானை மணந்து திரையை விட்டார். லோக் வான் தோ 1964இல் தைவானில் விமான விபத்தில் இறந்தார். இந்தோனேசியச் சந்தை மூடிக்கொண்டது. ஜாலான் அம்பாஸ் 1967இலும், கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோ 1972இலும் மூடப்பட்டன.

முதல் இரண்டு படங்களும் எப்படி அழிந்தன என்பதற்கு ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது: கேத்தே-கெரிஸை விட்டுப் பிரிந்த ஹோ ஆ லோக், இடத்தை ஒழிக்கும்போது பெட்டிகளைக் குளத்தில் எறிந்துவிட்டார் என்று. அப்படி நடந்ததோ இல்லையோ, யாரும் தடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். பழைய மலாய்ப் படச் சுருளைக் காப்பாற்ற வேண்டிய பொருளாக அன்று எந்த அரசும் நினைக்கவில்லை.

2004இல் இயக்குநர் சுஹைமி பாபா 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' எடுத்தபோது அந்தப் பேய் மறுபடி திரைக்கு வந்தாள். அதற்குப் பின் வந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். நல்ல ஒளிப்பதிவு, அழகான உடைகள். இப்போதைய பொந்தியானாக் அநியாயமாகக் கொல்லப்பட்டவள், பழிவாங்க வருபவள். அவள் கோபம் நியாயமானதே. ஆனால் அவள் எதற்கும் ஆசைப்பட்டவளாக இல்லை, எந்த வாக்கையும் கொடுத்தவளாகவும் இல்லை. ஆசைப்பட்டவள்மேலும் நாம் இரக்கப்படலாம் என்று சோமெல் நம்மைக் கேட்டாள். முகம் கோணியிருந்தால் ஊர் எப்படி நடத்தும் என்பதை அனுபவித்தவள், கொஞ்சம் அழகு கேட்டாள். இப்போது வரும் படங்கள் குற்றமே இல்லாதவளுக்காக மட்டும்தான் நம்மை இரங்கச் சொல்கின்றன. அதை நான் இழப்பாகவே பார்க்கிறேன்.

மூன்றாவது படமான 'சும்பா பொந்தியானாக்' பிழைத்தது. கேத்தே-கெரிஸின் அகலத் திரையில் எடுத்தது, இசை சுபிர் சாயிட். சிங்கப்பூரின் தேசிய கீதத்துக்கு இசையமைத்த அதே மனிதர். ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பாதுகாத்து வருகிறது. கேத்தே-கெரிஸின் 91 மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. அந்தப் படத்தில் சோமெல் பேயாகவே இருந்துகொண்டு மகள் மரியாவைத் தேடி அலைகிறாள். வழியில் மற்றப் பேய்களிடம் சிக்கிய கம்பத்து மனிதர்களைக் காப்பாற்றுகிறாள். கூனியாக இருந்தபோது ஒதுக்கிய அதே சனம்தான். அம்மா சொன்னது சரி என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

முதல் படத்தைப் பெரியவளாக இருந்து பார்த்த பெண்கள் யாரேனும் இருந்தால் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். கிள்ளானிலோ, குளுவாங்கிலோ, சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டிலோ பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். தொலைந்த அந்தப் படத்தின் பிரதி இனி அவர்கள் ஞாபகம் மட்டும்தான். என் அம்மாவிடம் நான் முழுதாகக் கேட்டு எழுதி வைக்கவில்லை, அவள் போய்விட்டாள். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். மரியா மெனாடோ எப்படி இருந்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். பாம்பு கடித்த ஒத்மான் கை நீட்டிக் கெஞ்சியபோது உங்கள் கொட்டகையில் பெண்கள் என்ன சொன்னார்கள், ஆண்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கேளுங்கள்.